புளித்த தொட்டியும் ஓமெலியான்ஸ்கியின் பாக்டீரியாவும்

சேகோ ஆலைக் கழிவுநீரின் வாசனையை அது தெரியாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். பழைய சோற்றுத் தண்ணீர் புளிக்கிற வாடையில் தொடங்கும். வெண்ணெய் கெட்டால் வருமே ஒரு காறல், அது அதோடு சேரும். கடைசியில் அழுகிய முட்டை. சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், சீசன் நேரத்தில் எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்று மூக்கு சொல்லிவிடும்.

கெமிக்கல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு 23 வயதில் அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் ஈ.டி.பி. பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். ஈ.டி.பி. என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பொறுப்பு என்றால் நான், இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர்கள், ஒரு பி.எச். மீட்டர், அப்புறம் மூடி போட்ட ஒரு பெரிய கான்கிரீட் தொட்டி.

குச்சிக்கிழங்கை (மரவள்ளிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) கழுவி, தோலுரித்து, அரைத்து, மாவுப்பாலைத் திப்பியிலிருந்து பிரித்துத் தெளிய விட்டால் மாவு அடியில் உறையும். மேலே நிற்கிற தண்ணீர்தான் தொல்லை. கரைந்த சர்க்கரை, உறையாத மாவுத்துகள், கிழங்கின் தோலிலிருந்து வந்த கொஞ்சம் சயனைடு என்று எல்லாம் அதில் கிடக்கும். வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகிவிடும். அதையே காற்றுப் படாத தொட்டிக்குள் அனுப்பினால் உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனாக மாற்றித் தரும். அழுக்கை முழுக்க எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதற்கு சி.ஓ.டி. என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ சி.ஓ.டி. முழுசாகச் செரித்தால் சுமார் 0.35 கன மீட்டர் மீத்தேன். அதை எரித்து ஜவ்வரிசியை வறுக்கலாம், ஜெனரேட்டர் ஓட்டலாம். முதலாளிக்கு விறகுச் செலவு மிச்சம், ஓடைக்கும் நிம்மதி. காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது.

நான் சேர்ந்தது சீசன் முடிந்த நேரம். தொட்டி நாலு மாசம் சும்மா கிடந்தது. புது சீசனின் முதல் கிழங்கு லாரிகள் வந்து நின்ற அன்று முதலாளி கேட்டார், தொட்டிக்கு எவ்வளவு விடலாம் என்று. மீட்டரைப் பார்த்தேன். 7.1. கன கச்சிதம். "முழு லோடு விடலாம் சார்" என்றேன்.

ஆபரேட்டர் அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர். முதலாளி போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "கால்வாசியில ஆரம்பிச்சா என்னங்க தம்பி? நாலு மாசமாப் பட்டினி கெடந்த வயிறுங்க" என்றார்.

"பி.எச். நல்லாத்தானே இருக்குண்ணே."

ஆறு நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஏழாம் நாள் வாயு குறைந்தது. எட்டாம் நாள் பர்னர் சுடர் மஞ்சளாகித் துடித்து அணைந்தது. பத்தாம் நாள் மீட்டர் 5.6 காட்டியது. அண்ணன் மூடி ஓரத்தில் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "புளிச்சுப்போச்சுங்க தம்பி" என்றார். ஆலையை நிறுத்த முடியாது. வெட்டின கிழங்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வாங்கிப் போட்ட கிழங்கு முற்றத்தில் மலையாகக் கிடந்தது. செரிக்காத தண்ணீர் மூன்று ராத்திரி ஓடைக்குப் போனது. போகட்டும் என்று சொன்னது முதலாளி, வால்வைத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்.

நாலாம் நாள் காலை, ஓடைக்கரையில் கிணறு வைத்திருந்த விவசாயி ஒருவர் ஒரு செம்பு தண்ணீரோடு கேட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. செம்பை என் முன்னால் நீட்டி, "குடிச்சுப் பாருங்க சார்" என்றார். நான் வாங்கவில்லை.

அந்தத் தொட்டிக்குள் யார் இருந்தார்கள், ஏன் செத்தார்கள் என்று நாலு வருஷம் படித்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்திருந்தது: அமில பாக்டீரியா அமிலம் ஆக்கும், மீத்தேன் பாக்டீரியா அதை மீத்தேன் ஆக்கும். அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில்தான் இந்தக் கதை கிடைத்தது. அந்த வரியிலேயே இரண்டு தப்பு இருந்தது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

*

இத்தாலியில் மஜ்ஜோரே ஏரி. 1776 நவம்பர். அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் கிளறினார். குமிழ்கள் வந்தன. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து அவற்றைச் சேகரித்தார், தீ வைத்தார், எரிந்தது. மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான். அது நடக்க இன்னும் 20 வருஷத்துக்கு மேல் இருந்தது. அழுகுகிற தாவரத்துக்கும் இந்த எரிகிற காற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் பார்த்துவிட்டார். ஆனால் அழுகச் செய்வது யார் என்ற கேள்வியை 1776ல் யாரும் கேட்க முடியாது. அழுகல் என்பது பொருளின் குணம், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி வர பாஸ்டர் காலம் ஆச்சு. 1868ல் பிரான்சில் அன்துவான் பெஷாம், ஆல்கஹாலிலிருந்து மீத்தேன் வருவது உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை என்று காட்டினார். 1886ல் ஜெர்மனியில் ஹோப்பே-சைலர், அசிட்டிக் அமிலத்தின் உப்பு மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் உடைவதை அளந்தார். ரஷ்யாவில் வினோகிராட்ஸ்கியின் மாணவர் ஓமெலியான்ஸ்கி, செல்லுலோஸ் அழுகி மீத்தேன் ஆவதை ஆராய்ந்தார். 1906ல் டெல்ஃப்டில் ஸோங்கன், ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் மட்டும் கொடுத்தாலே போதும், மீத்தேன் வரும் என்றார். ஆளாளுக்கு யானையின் ஒரு பாகத்தைத் தொட்டுப் பார்த்த மாதிரி.

இதற்கிடையில் எஞ்சினியர்கள் காத்திருக்கவில்லை. 1881ல் பிரான்சின் லூயி மூராவின் மூடிய மலத்தொட்டி பத்திரிகையில் வந்தது. 1895ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் டொனால்ட் கேமரன் தன் தொட்டிக்கு 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்து, அதிலிருந்து வந்த வாயுவில் விளக்கும் எரித்தார். இரண்டே வருஷத்தில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு தொழுநோயாளர் இல்லத்தில் அதே வேலை நடந்தது. உள்ளே யார் என்று தெரியாமலே உலகம் முழுக்கத் தொட்டிகள் கட்டினார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. தெரியாமல் ஓட்டினவன் நான் மட்டும் இல்லை.

*

இனி முக்கியமான ஆள். ஹோரஸ் பார்க்கர், அமெரிக்க இளைஞர். கலிபோர்னியாவில் வான் நீல் என்ற டச்சுக்காரரிடம் பயின்றுவிட்டு, டெல்ஃப்டில் க்ளூய்வரின் ஆய்வகத்துக்குப் போனார். வான் நீலிடம் ஓர் அழகான யோசனை இருந்தது: மீத்தேன் எல்லாமே கரியமில வாயுவிலிருந்துதான் வருகிறது. உணவு எதுவானாலும் சரி, அதிலிருந்து ஹைட்ரஜனை உருவி கரியமில வாயுவின் தலையில் கட்டுவதுதான் இந்த நுண்ணுயிர்களின் பிழைப்பு. பார்க்கர் அதை எத்தனாலில் சோதித்தார். இரண்டு எத்தனாலும் ஒரு கரியமில வாயுவும் போனால் இரண்டு அசிட்டிக் அமிலமும் ஒரு மீத்தேனும் வர வேண்டும். வந்தது. கணக்கு இரு பக்கமும் அச்சு அசலாகப் பொருந்தியது.

அதைச் செய்த குச்சி வடிவ உயிருக்கு 1936ல் ரஷ்யப் பெரியவரின் நினைவாக மெத்தனோபாக்டீரியம் ஓமெலியான்ஸ்கி என்று பெயர் வைத்தார். பெர்க்லிக்குத் திரும்பி, 1940ல் அதைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்து வெளியிட்டார். தூய வளர்ப்பு என்பது நுண்ணுயிரியலின் கற்பு மாதிரி. ஜெர்மனியின் ராபர்ட் கோக் காலத்திலிருந்து விதி இதுதான்: ஒரு வேலையை ஒரு உயிர் செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அந்த உயிரை மட்டும் தனியாக வளர்த்துக் காட்டு. அதே 1940ல் பார்க்கரும், ரூபனும், கேமனும் கதிரியக்கக் கார்பனைக் கொண்ட கரியமில வாயுவை மீத்தேன் உயிரிகளுக்குக் கொடுத்து, அது மீத்தேனாக மாறுவதைக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய கார்பன்-11 இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பரிசோதனைக்கூடத்தில் ஓட்டமும் நடையுமாகத்தான் செய்திருக்க வேண்டும்.

ஆக எல்லாம் முடிந்தது. ஓமெலியான்ஸ்கி பாடப்புத்தகத்துக்குள் போனது. மீத்தேன் ஆக்குவது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் அதை வாங்கி வளர்த்தார்கள். அப்படி வளர்த்த ஓர் இடம் இலினாய் பல்கலைக்கழகம், அர்பானா. அங்கே ரால்ஃப் வுல்ஃபின் ஆய்வகம்.

1964ல் அதே பல்கலைக்கழகத்தின் பால்வளத் துறைக்கு மார்வின் பிரையன்ட் வந்தார். மாட்டு வயிற்றின் நிபுணர். அசைபோடும் இரைப்பையில் காற்று அறவே இருக்காது. அங்குள்ள உயிர்களில் பலவற்றுக்கு ஆக்சிஜன் பட்டாலே சாவு. பிரையன்ட்டின் ஆசிரியர் ராபர்ட் ஹங்கேட் அதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார். சோதனைக் குழாயை ஆக்சிஜன் இல்லாத வாயுவால் நிரப்பி, உருகின அகாரை உள்ளே உருட்டி, சுவரில் மெல்லிய படலமாக உறைய வைப்பது. அந்தப் படலத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி. மாட்டு வயிற்றில் பழகின கை என்பதால், மற்றவர்கள் பிடிக்க முடியாததை பிரையன்ட் பிடித்தார்.

ஓமெலியான்ஸ்கி வளர்ப்பை எடுத்து, எத்தனாலுக்குப் பதில் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கொடுத்துக் குழாயில் வளர்த்தபோது காலனிகள் வந்தன, மீத்தேனும் வந்தது. அந்தக் காலனியைத் தனியே எடுத்து எத்தனால் கொடுத்தால் தொடவில்லை. எத்தனாலைத் தின்னாத ஓமெலியான்ஸ்கியா? திரும்பத் தேடினதில் இன்னொரு குச்சி அகப்பட்டது. அது எத்தனாலைத் தின்றது, அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் விட்டது, ஒரு துளி மீத்தேன் ஆக்கவில்லை. தனியாக வளரவும் திணறியது. அதுவே விட்ட ஹைட்ரஜன் குழாயில் சேரச் சேர வேலையை நிறுத்திக்கொண்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டதும் பழைய ஓமெலியான்ஸ்கி திரும்ப வந்துவிட்டது.

1967ல் பிரையன்ட், வோலின் என்ற பெயர் கொண்ட இருவர், வுல்ஃப் ஆகிய நால்வரின் பெயரில் அந்தக் கட்டுரை வந்தது. 27 வருஷம் தூய வளர்ப்பு என்று உலகம் நம்பியது ஓர் உயிர் அல்ல, ஒரு ஜோடி. ஒன்றுக்கு எம்.ஓ.எச். என்றும் மற்றதற்கு எஸ் என்றும் குறி வைத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்தது பார்க்கரின் தவறு எவ்வளவு நேர்மையான தவறு என்பதுதான். அவர் கணக்கு சரி. கரியமில வாயு மீத்தேனாகிறது என்பதும் சரி. ஆள்தான் ஒன்றுக்கு இரண்டு. இரண்டும் குச்சி வடிவம். எத்தனால் மட்டும் கொடுக்கிறவரை ஒன்றில்லாமல் மற்றது பிழைக்காது, ஆகவே எத்தனை தடவை பிரித்தாலும் இரண்டும் சேர்ந்தேதான் வரும். பிரிக்கவே முடியாத இரண்டை ஒன்று என்று சொல்வதில் என்ன தப்பு என்றுகூட ராத்திரியில் யோசித்திருக்கிறேன்.

எஸ் ஏன் தனியாகத் திணறியது? எத்தனாலை உடைத்து ஹைட்ரஜன் விடுவது சாதாரண நிலையில் மேட்டில் வண்டி தள்ளுகிற வேலை, அதில் ஆற்றல் லாபம் கிடையாது. ஆனால் வருகிற ஹைட்ரஜனை யாராவது அவ்வப்போது எடுத்துக்கொண்டே இருந்தால் அதே பாதை இறக்கமாகிவிடும். இறைக்கிற கிணறு ஊறும் என்று ஊரில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். எம்.ஓ.எச். இறைக்கிற ஆள். அதற்கு ஹைட்ரஜன்தான் சாப்பாடு. எச்சில் இலையில் சாப்பிடுகிறவன் இலையை எடுக்காவிட்டால் பந்தியில் அடுத்த ஆள் உட்கார முடியாது.

எத்தனாலாவது பரவாயில்லை. புரோப்பியோனிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் இரண்டும் இன்னும் செங்குத்தான மேடு. புரோப்பியோனிக் உடைய வேண்டுமானால் ஹைட்ரஜனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். வெண்ணெய்க் காறல் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது பியூட்டிரிக். ஆக என் பாடப்புத்தகத்தின் முதல் தப்பு இது. அமிலம் ஆக்குகிறவர்களுக்கும் மீத்தேன் ஆக்குகிறவர்களுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தால் தனியாக வாழவே முடியாது. 1967க்குப் பிறகு அதை அர்பானாக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர்களைப் படிப்பது ஒரு குடும்ப மரத்தைப் படிக்கிற மாதிரி. பியூட்டிரிக் தின்பது சின்ட்ரோஃபோமோனாஸ் வுல்ஃபெய், வுல்ஃபுக்காக. புரோப்பியோனிக் தின்பது சின்ட்ரோஃபோபாக்டர் வோலினீ, வோலினுக்காக. எம்.ஓ.எச். பிற்பாடு மெத்தனோபாக்டீரியம் பிரையன்ட்டீ ஆனது. அசிட்டிக் தின்று மீத்தேன் ஆக்கும் இரண்டு பெரிய கூட்டங்களில் ஒன்றின் பெயர் மெத்தனோசார்சினா பார்க்கெரி, இன்னொன்று மெத்தனோத்ரிக்ஸ் ஸோங்கெனீ. ஓமெலியான்ஸ்கி பெயரில் இருந்த உயிர்தான் இல்லாமலே போய்விட்டது. அந்த எஸ்? அதை இன்றும் எஸ் உயிரி என்றே எழுதுகிறார்கள்.

*

பாடப்புத்தகத்தின் இரண்டாவது தப்பும் அர்பானாவில்தான் உடைந்தது. கார்ல் வோஸ், எல்லா உயிர்களுக்குள்ளும் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ. துண்டுகளை ஒப்பிட்டு, யார் யாருக்குச் சொந்தம் என்று வம்சாவளி போட்டுக்கொண்டிருந்தார். மீத்தேன் உயிரிகளை வளர்க்கத் தெரிந்த வுல்ஃப் பக்கத்திலேயே இருந்தார். முதலில் பரிசோதித்தவற்றில் ஒன்று அர்பானா ஊர்ச் சாக்கடைச் சேற்றுத் தொட்டியிலிருந்து ஸைகஸும் வுல்ஃபும் 1972ல் பிரித்தெடுத்த, வெப்பம் விரும்பும் உயிர். அதன் ஆர்.என்.ஏ. எந்த பாக்டீரியாவோடும் ஒத்துப்போகவில்லை. 1977ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எழுதினார்கள்: இவை பாக்டீரியாவே அல்ல, உயிர்களின் மூன்றாவது பெரும் கிளை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. பெரிய விஞ்ஞானிகள் பலர் சிரித்தார்கள். பிறகு அந்தக் கிளைக்கு ஆர்க்கியா என்ற பெயர் நிலைத்தது.

சாக்கடைத் தொட்டிச் சேற்றிலிருந்து உயிரின் மூன்றாம் ராஜ்ஜியம். ஆனால் எங்கள் ஆலையின் கையேட்டில் அது நான் இருந்தவரை 'மீத்தேன் பாக்டீரியா' தான்.

*

இனி எஞ்சினியர்கள் பக்கம் வருவோம். மீத்தேன் உயிரிகள் சோம்பேறிகள். மெத்தனோத்ரிக்ஸ் இரண்டு மடங்காகப் பெருக நாலிலிருந்து ஏழு நாள் ஆகும். ஆலைக் கழிவுநீர் தொட்டியில் ஒரு நாள்கூட நிற்காமல் வெளியே போனால், அந்த வேகத்தில் வளர்கிறவை தண்ணீரோடு அடித்துப் போய்விடும். அவற்றை உள்ளேயே பிடித்து வைப்பதுதான் சூட்சுமம். 1969ல் அமெரிக்காவில் யங்கும் மெக்கார்ட்டியும் தொட்டியில் கல் நிரப்பி, கல்லில் ஒட்டிக்கொள்ள விட்டார்கள்.

நெதர்லாந்தில் 1970ல் நீர் மாசுச் சட்டம் வந்தது. கழிவின் அளவுக்குத் தகுந்தபடி ஆலைகள் வரி கட்ட வேண்டும். பீட்ரூட் சர்க்கரை ஆலைகளுக்குச் சரியான அடி. காற்றை ஊதிச் சுத்தம் செய்யலாம், ஆனால் மின்சாரச் செலவு, பாதி அழுக்கு சேறாக மாறி அதை எங்கே கொட்டுவது என்ற தலைவலி. 1973ல் எண்ணெய் விலை ஏறினதும் மின்சாரம் யோசிக்கவே முடியாததாகிவிட்டது. வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் ஹாட்ஸே லெட்டிங்கா, யங்-மெக்கார்ட்டி கட்டுரையைப் படித்துவிட்டுக் கல் வடிகட்டியில் இறங்கினார். வேலை நடந்ததெல்லாம் பெரும்பாலும் கல்லில் ஒட்டாமல் இடுக்கில் கிடந்த சேற்றில். அப்புறம் கல் எதற்கு? தண்ணீரை அடியிலிருந்து மேலே விடு, சேறு தன் கனத்தால் கீழே நிற்கட்டும், மேலே கவிழ்த்த புனல் மாதிரி ஒன்றை வைத்து வாயுவைப் பிடித்துக்கொள், தப்பி வருகிற சேறு சறுக்கித் திரும்ப உள்ளே விழட்டும். யு.ஏ.எஸ்.பி. என்று உலகம் முழுக்கப் பரவிய தொட்டி இவ்வளவுதான். சுழல்கிற பாகம் ஒன்றுகூட உள்ளே கிடையாது.

1976ல் பிரெடாவின் சர்க்கரை ஆலையில் வைத்த 6 கன மீட்டர் சோதனைத் தொட்டியில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. சேறு சேறாக இல்லை. கரு நிறத்தில் உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர். நான் முதன்முதலில் அந்தக் குருணையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். கறுப்பு ஜவ்வரிசி! நாங்கள் தகரத்தொட்டிலில் குலுக்கி உருட்டுவதை இவை தண்ணீர் ஓட்டத்திலேயே உருட்டிக்கொள்கின்றன. மேல்நோக்கிய ஓட்டம் லேசானவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கனத்தவை மட்டும் தங்குகின்றன. மெத்தனோத்ரிக்ஸின் நூல் நூலான உடம்பு அதற்குத் தோதாக இருக்கிறது.

1990ல் கனடாவில் மெக்லியாடும், கியோவும், காஸ்டர்ட்டனும் இப்படியொரு குருணையை வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வெளி அடுக்கில் சர்க்கரையை அமிலமாக்குகிறவர்கள். நடு அடுக்கில் அமிலத்தை உடைக்கிறவர்களும் அவர்களோடு தோள் உரசி நிற்கும் ஹைட்ரஜன் தின்னிகளும். நடு மையத்தில் மெத்தனோத்ரிக்ஸ். எல்லாக் குருணையிலும் இந்த அடுக்கு இருக்காது, தீனியைப் பொறுத்து மாறும். ஆனால் எஸ்ஸும் எம்.ஓ.எச்.சும் குழாயில் செய்த குடித்தனம் இங்கே ஊராகவே ஆகியிருக்கிறது. 2011ல் இன்னொரு திருப்பம். பீர் ஆலைத் தொட்டி ஒன்றின் குருணைகள் மின்சாரம் கடத்துகின்றன என்று மசாச்சூசெட்ஸ்காரர்கள் கண்டார்கள். ஹைட்ரஜனைக் கைமாற்றாமல் எலக்ட்ரானையே நேராகக் கைமாற்றுகிற ஜோடிகளும் இருக்கலாம். பிரையன்ட் கதை இன்னும் முடியவில்லை போல.

லெட்டிங்கா தன் தொட்டிக்கு உரிமம் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2007ல் டைலர் பரிசு வந்தது. ஏழை நாடுகளுக்கு இது போக வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதமே இருந்தது. அப்படித்தான் கங்கை செயல் திட்டத்தில் டச்சு உதவியோடு கான்பூருக்கு வந்தது. 1989ல் ஜாஜ்மாவில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் சாக்கடைக்கு ஒரு தொட்டி. 1994ல் அங்கேயே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஒரு பங்கு, ஊர்ச் சாக்கடை மூன்று பங்கு கலந்து 3.6 கோடி லிட்டருக்கு இன்னொன்று.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தோல் கழிவில் சல்ஃபேட் நிறைய. சல்ஃபேட் இருந்தால் தொட்டிக்குள் வேறொரு கூட்டம் தலைதூக்கும். அதுவும் ஹைட்ரஜன் தின்னும், மீத்தேன் உயிரிகளைவிட வேகமாக. ஒரு கிராம் சல்ஃபேட் 0.67 கிராம் சி.ஓ.டி.யை இழுத்துக்கொள்ளும். வாயுவுக்குப் பதில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அது கான்கிரீட்டையும் எஞ்சினையும் அரிக்கும். குரோமியம் என்றால் எந்த உயிரும் தின்ன முடியாது. அது சேற்றில் படியும், மிச்சம் தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீர் பாய்ந்தது ஜாஜ்மாவைச் சுற்றியுள்ள கிராமங்களின் வயல்களில். குரோமியத்தை ஆலை வாசலிலேயே பிரித்தெடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அதை ஆலைகள் முழுசாகச் செய்யாதபோது, மூன்று அடுக்குக் குருணை வந்து என்ன பண்ணும்? வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

*

என் தொட்டிக்குத் திரும்புகிறேன். நாலு மாசப் பட்டினியில் எல்லாரும் மெலிந்திருந்தார்கள். முழு லோடு வந்ததும் சர்க்கரையை அமிலமாக்குகிற கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகி எழுந்து நின்றது. மெத்தனோத்ரிக்ஸுக்கு வாரக்கணக்கு. அசிட்டிக் தேங்கியது. ஹைட்ரஜனை இறைக்க ஆள் போதாமல் அதுவும் தேங்கியது. ஹைட்ரஜன் தேங்கியதும் புரோப்பியோனிக், பியூட்டிரிக் உடைகிறது நின்றது. அமிலம் ஏறியதும் இருந்த கொஞ்ச மீத்தேன் உயிரிகளும் சுருண்டன. இவ்வளவும் உள்ளே நடக்கும்போது ஆறு நாள் மீட்டர் ஏன் 7க்குப் பக்கத்திலேயே நின்றது? தண்ணீரில் இருந்த பைகார்பனேட் அமிலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. அது தீர்ந்த அன்றுதான் பி.எச். சரிந்தது. வீட்டில் நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் மாதிரி அந்த மீட்டர். நான் பார்த்திருக்க வேண்டியது அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம். 0.3ஐத் தாண்டினாலே கையைப் பிசைய வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு ஒரு ப்யூரெட்டும் அரை மணி நேரமும் போதும். எங்களிடம் ப்யூரெட் இருந்தது.

தீனியை நிறுத்தினோம். சுண்ணாம்பும் சோடா உப்பும் கரைத்து ஊற்றினோம். ஓடிக்கொண்டிருந்த வேறொரு ஆலைத் தொட்டியிலிருந்து டேங்கர் டேங்கராகச் சேறு வாங்கி வந்தோம். அண்ணன் அக்கம்பக்கத்துத் தொழுவங்களில் சொல்லி வைத்து, சாணி கரைத்து ஊற்றினார். மாட்டு வயிறு தெரிந்த பிரையன்ட் எம்.ஓ.எச்.சைப் பிடித்த கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. "பசு வயித்துல இருக்கறதுதானுங்களே இங்கயும் வேணும்" என்று மட்டும் சொன்னார். பத்தில் ஒரு பங்கிலிருந்து தீனியை ஆரம்பித்தோம். பர்னர் ஒழுங்காகப் பிடிக்க 70 நாள் ஆனது. அதுவரை தண்ணீர் எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

கிணற்றுக்காரருக்கு ஆலை ஏதோ கொடுத்தது. எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த சீசனுக்கு நான் அங்கே இல்லை.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஆலைக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணன் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறாராம். தொட்டி புதுசு, மேலே சிவப்பு பலூன் மாதிரி வாயுப் பை. பொறுப்பில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். விகிதம் எவ்வளவு என்று கேட்டேன். நோட்டைப் புரட்டாமலே "0.22 சார்" என்றாள். சீசன் ஆரம்பத்தில் எவ்வளவு லோடு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கால்வாசி என்றாள். யார் சொன்னார்கள் என்றால், முன்பு இருந்த ஆபரேட்டர் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போனாராம், காட்டினாள். பம்ப் ரூம் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் எழுதியது, பாதி அழிந்திருந்தது.

திரும்பும்போது ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும். பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். ஓடையில் தண்ணீர் இல்லை. கிணறு இருந்த இடத்தைச் சுற்றிச் சோளம் போட்டிருந்தார்கள்.